மாடிப் பலகைக்கு எவ்வளவு தண்ணி

தெற்கே இருந்து வீசுகிற சோளகக் காற்று தொடங்கி இரண்டு நாள் ஆனால் போதும், எங்கள் வீட்டு மாடியில் வெறுங்காலோடு நடக்கும்போது உள்ளங்காலில் லேசாக ஒரு பிசுக்கு தெரியும். எண்ணெய்ப் பிசுக்கு இல்லை, உப்பு. அடுப்படியில் மூடி சரியாக மூடாத உப்பு ஜாடி மழைக்காலத்தில் எப்படித் தானாகக் கசிகிறதோ அதே சமாச்சாரம்தான். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தண்ணீரை இழுத்துக் கரையத் தொடங்கிவிடும். கடல் உப்பில் மக்னீசியமும் கலந்திருப்பதால் அது அதற்கு முன்னாலேயே ஈரமாகிவிடுகிறது. கீழக்கரையில் கடலுக்கு ஐந்து நிமிட நடையில் வீடு இருந்தால், ஜன்னலைத் திறந்து வைத்த ஒவ்வொரு நாளும் கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் உப்பு தரையில் வந்து படிகிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கீழ்த்தளம் முழுக்கச் சிவப்புக் காவி போட்ட சிமெண்டுத் தரை. அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை, கழுவினால் சுத்தமாகிவிடும். மாடிதான் மரம். பர்மாத் தேக்கு, ஒவ்வொரு பலகையும் ஒரு சாண் அகலத்துக்கு மேல், கீழே கனமான உத்திரம், மேலே வார்னிஷ் எதுவும் கிடையாது, எண்ணெய் மட்டும். எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்பிள்ளைக்கு. உம்மம்மாவிடம் இருந்து உம்மாவுக்கு, உம்மாவிடம் இருந்து எனக்கு. பத்திரம் கைக்கு வந்தபோது கூடவே இந்தத் தரையும் என் பொறுப்பாக வந்தது. ஆனால் அதை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று யாரும் எனக்கு உட்காரவைத்துச் சொல்லித்தரவில்லை, ஏனென்றால் உம்மாவைப் பொறுத்தவரை தரை என்றால் ஒரே வேலைதான், தண்ணி விட்டுக் கழுவுவது.

நானும் அதைத்தான் செய்தேன். நான்கு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் ஒரு கல்யாணம். முந்தின நாள் மாடியில் கிணற்றுத் தண்ணியை வாளி வாளியாக ஊற்றி, பிளீச்சிங் பவுடர் தூவி, தென்னை ஈர்க்கு விளக்குமாற்றால் தேய்த்துக் கழுவினேன். ஈரம் இருக்கும்வரை தரை கருகருவென்று அழகாக இருந்தது. மூன்றாம் நாள் பார்த்தால் தெற்கு ஜன்னலை ஒட்டிய மூலை முழுக்க வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. கையால் தடவினால் பூனை நாக்கு மாதிரி சொரசொரப்பு. பலகைகளின் ஓரம் உப்பி, மூட்டுக்கு மூட்டு விரல் இடறியது. எங்கள் கிணற்றுத் தண்ணி உப்புத் தண்ணி. ஊற்றிய தண்ணி ஆவியாகிப் போனது, அதில் இருந்த உப்பு மரத்துக்குள்ளேயே தங்கிவிட்டது. அதற்குப் பிறகு அந்த மூலை மட்டும் மேகம் போட்டாலே ஈரமாகிவிடும், வெயில் வந்தால் வெள்ளை பூக்கும். அந்த ஆறு பலகைகளைச் சரிசெய்யத்தான் இதையெல்லாம் கற்றுக்கொண்டேன்.

முதலில் கூப்பிட்டது வீட்டுக்குத் தச்சு வேலை செய்கிறவரை இல்லை, வள்ளம் கட்டுகிற ஒரு ஓடாவியை. கடற்கரையில் மரத்தையும் உப்பையும் ஒன்றாக வைத்து வாழ்க்கை ஓட்டுகிறவர்கள் அவர்கள்தானே. வயதானவர், காது கொஞ்சம் மந்தம். மாடிக்கு வந்ததும் ஒன்றும் பேசாமல் குத்தவைத்து உட்கார்ந்து, பெருவிரல் நகத்தால் பலகையைக் கீறினார், குனிந்து மோந்து பார்த்தார், அப்புறம் செம்பில் இருந்து விரலால் தொட்டு மூன்று இடத்தில் ஒவ்வொரு சொட்டுத் தண்ணி வைத்தார். கதவு ஓரத்தில் வைத்த சொட்டு முத்து மாதிரி நின்றது. நடுவில் வைத்தது மெதுவாகப் பரந்தது. மூலையில் வைத்தது நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உள்ளே போய், அந்த இடம் கறுத்தது. “ஏம்மா, இது வயிறு காஞ்சு கிடக்கு, நீங்க உப்புத் தண்ணியைக் கொடுத்திருக்கீங்க” என்றார்.

அந்தச் சொட்டுச் சோதனையைத்தான் இன்றைக்கும் செய்கிறேன். இத்தனை மாதத்துக்கு ஒரு தடவை எண்ணெய் போட வேண்டும் என்று காலண்டரைப் பார்த்துச் செய்வதைவிட இது நல்லது, ஏனென்றால் ஒரே அறையிலேயே எல்லாப் பலகையும் ஒரே மாதிரி தேய்வதில்லை. ஜன்னல் ஓரம் வெயிலும் உப்பும் சேர்ந்து அடிப்பதால் அங்கே வருஷத்துக்கு ஒரு தடவை எண்ணெய் கேட்கும். படி ஏறி வரும் இடம், ஆள் நடமாட்டம், அதுவும் அப்படித்தான். அலமாரிக்குப் பக்கத்தில் இருக்கிற பலகைகளுக்கு மூன்று வருஷமாக நான் ஒன்றுமே செய்யவில்லை, சொட்டு இன்னும் முத்தாகத்தான் நிற்கிறது. சரி, கேட்காததற்கு எதற்குக் கொடுப்பது?

வள்ளத்துக்குப் பூசுகிற மீன் எண்ணெயைத் தரையில் போடலாமா என்று அவரிடம் கேட்டேன். வெளியே காற்றில் கிடக்கிற வள்ளத்துக்கு அது சரி, வீட்டுக்குள் போட்டால் அந்த வாடையோடு படுத்துத் தூங்க முடியாது என்றார். உம்மா தேங்காய் எண்ணெய் என்றார்கள். உண்மையில் பெருநாளுக்கு முன்னால் தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைக்கிற பழக்கம் எங்கள் வீட்டில் பல வருஷம் இருந்தது, அன்றைக்குப் பளபளக்கும், ஒரு மாதத்தில் தூசு ஒட்டிக் கறுத்துவிடும்.

இதை நான் கொஞ்சம் விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் எண்ணெய்த் தரையில் எல்லாமே இதில்தான் அடங்கியிருக்கிறது. எண்ணெய் காய்வது துணி காய்வது மாதிரி இல்லை. எதுவும் ஆவியாகிப் போவதில்லை. சில எண்ணெய்கள் காற்றில் இருக்கிற ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்து, பால் ஏடு கட்டுகிற மாதிரி இறுகுகின்றன. ஆளிவிதை எண்ணெய் அப்படி இறுகும். தேங்காய் எண்ணெய் எத்தனை வருஷம் ஆனாலும் இறுகாது. எண்ணெய் வேதியியலில் அயோடின் எண் என்று ஒரு கணக்கு இருக்கிறது, அது அதிகமாக இருந்தால் எண்ணெய் காயும் தன்மை உள்ளது என்று அர்த்தம். ஆளிவிதைக்கு அது 170-க்கு மேல், தேங்காய் எண்ணெய்க்குப் 10 அளவில்தான். நல்லெண்ணெய் நடுவில் நிற்கிறது, அரைகுறையாகப் பிசினாகும், முழுசாக இறுகாது. கடலை எண்ணெயும் தரைக்கு ஆகாது. அதனால் அடுப்படியில் இருக்கிற எந்த எண்ணெயையும் தரைக்குக் கொண்டுவராதீர்கள். ஹார்டுவேர் கடையில் ‘டபுள் பாயில்டு லின்சீடு ஆயில்’ என்று கேட்டால் கொடுப்பார்கள். சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள், ஆகவே அதைச் சமையலறைப் பக்கம் வைக்கவே கூடாது.

தேங்காய் எண்ணெய்க் கறையை முதலில் டர்பன்டைன் நனைத்த பனியன் துணியால் இரண்டு மூன்று தடவை துடைத்து எடுத்தேன். துணி ஒவ்வொரு தடவையும் அடுப்புக்கரி துடைத்த மாதிரி வந்தது. உப்பு இறங்கிய மூலையைக் குடிதண்ணியில் நனைத்துப் பிழிந்த துணியால் ஒற்றி, காயவிட்டு, மறுபடி ஒற்றி, இப்படி ஒரு வாரம். அப்புறம் 120 நம்பர் உப்புத்தாள், அதற்கப்புறம் 180. மரத்தின் ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கமாகத்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே ஒரு இழுப்பு இழுத்தால் அந்தக் கீறல் எண்ணெய் போட்டதும் தனியாகக் கண்ணில் குத்தும். தேய்க்கத் தேய்க்க சாம்பல் போய் உள்ளே இருந்த தேன் நிறம் வந்தது. கூடவே அந்த வாசனை, தோல் மாதிரியும் பழைய புத்தகம் மாதிரியும் ஒரு காரமான வாசனை. தொண்ணூறு வருஷம் ஆன மரத்துக்குள் அது இன்னும் இருந்தது. உம்மா கீழே இருந்து, “யாரு மரம் அறுக்கிறது?” என்று கேட்டார்கள்.

தேக்குக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அதற்குள்ளேயே எண்ணெய்ப் பசை இருக்கிறது, கரையான் அதன் வைரத்தை, அதாவது கெட்டியான உள்மரத்தை, அவ்வளவு எளிதில் தொடாததற்கும் அதில் இருக்கிற பொருள்கள்தான் காரணம். ஆனால் புதிதாகத் தேய்த்த பரப்பில் அதே பசை நாம் போடுகிற எண்ணெயைச் சீக்கிரம் காயவிடாது. ஆகவே தேய்த்து முடித்ததும் டர்பன்டைன் தொட்ட துணியால் ஒரு தடவை துடைத்து, அது போனதும் உடனே எண்ணெய் போட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

முதல் பூச்சுக்கு எண்ணெயில் பாதிக்குப் பாதி டர்பன்டைன் கலந்தேன், உள்ளே இறங்குவதற்காக. துணியால் தொட்டுத் தேய்த்துவிட்டு இருபது நிமிடம் காத்திருந்து, மேலே நிற்கிற எண்ணெயைப் பூராவும் காய்ந்த துணியால் துடைத்து எடுத்துவிட வேண்டும். ஓடாவி இதை மட்டும் இரண்டு தடவை சொன்னார். “பலகை குடிக்கிற மட்டும் குடு, மிச்சத்தைத் துடைச்சு எடுத்துரு.” கொஞ்சம் கூடுதலாக இருந்தால் நல்லதுதானே என்று நாம் நினைப்போம். இல்லை. மேலே தங்கிய எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி ஆகி, வீசுகிற மணலை எல்லாம் பிடித்துவைத்துக்கொள்ளும். நம் ஊர் ஈரக்காற்றில் ஒரு பூச்சு காய இரண்டு நாள், சில சமயம் நான்கு நாள். கையை வைத்தால் ஒட்டக்கூடாது, அதுவரை அடுத்த பூச்சு கிடையாது. மூலைக்கு மொத்தம் நான்கு பூச்சு, கடைசி மூன்றும் கலக்காத எண்ணெய். மற்ற இடங்களுக்கு ஒன்றே போதுமானதாக இருந்தது.

எந்த மாதத்தில் செய்கிறோம் என்பதும் முக்கியம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காற்றும் மழையும், அப்போது எண்ணெய் காயாது, மரமும் ஊதியிருக்கும். ஜூனில் இருந்து சோளகமும் மேற்கே இருந்து வருகிற கச்சானும் மணலை அள்ளிக்கொண்டு வரும். பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம்தான் நமக்குக் கிடைக்கிற இடைவெளி. வெயில் வந்துவிடும், காற்று இன்னும் எழுந்திருக்காது.

இப்போது நான் பயந்து எழுதுகிற ஒரு விஷயம். எண்ணெய் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போடவே போடாதீர்கள். ஆக்சிஜனைப் பிடித்து இறுகும்போது ஆளிவிதை எண்ணெய் சூட்டை வெளிவிடும். தரையில் மெல்லிசாகப் பரவி இருக்கையில் அந்தச் சூடு தெரியாது, சுருட்டின துணிக்குள் வெளியே போக வழி இல்லாமல் ஏறிக்கொண்டே போகும், கடைசியில் நெருப்பு வைக்காமலே பற்றிக்கொள்ளும். முதல் நாள் வேலை முடிந்ததும் நான் துணிகளை ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டில் திணித்து மொட்டைமாடியில் வைத்துவிட்டேன். சாயங்காலம் துணி எடுக்கப் போன போது ஒரு கருகல் வாடை. பக்கெட்டில் கை வைத்தால் இட்லிப் பானை மாதிரி சூடு. அப்படியே தண்ணியைக் கொட்டினேன். அந்தப் பக்கெட் மாடிக்குள், அந்தத் தேக்குப் பலகை மேலேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. இப்போது ஒவ்வொரு துணியையும் தண்ணியில் முக்கி எடுத்து, கொடியில் தனித்தனியாக விரித்துக் காயப்போடுகிறேன். விறைத்து அட்டை மாதிரி ஆன பிறகுதான் குப்பைக்குப் போகும்.

தினசரி வேலை என்று பார்த்தால் அதிகம் இல்லை. பெருக்குவதுதான். ஈர்க்கு விளக்குமாறு வாசலுக்கு, மாடிக்குப் பூந்துடைப்பம். கடற்கரை மணல் தேக்கைவிடக் கடினமானது, ஒரு பொடி மணல் செருப்புக்கும் பலகைக்கும் நடுவில் மாட்டினால் அதுவே உப்புத்தாள். செருப்பு எங்கள் வீட்டில் மாடி ஏறாது, ஆனால் கடலில் இருந்து வருகிற பிள்ளைகளின் கால் ஏறும். படியின் அடியில் ஒரு தென்னைநார் மிதியடி, படியின் மேலே பருத்தித் துணி மிதியடி, இரண்டும் போட்ட பிறகு பெருக்கி அள்ளுகிற மணல் பாதியாகக் குறைந்தது. மத்தியானம் காற்று ஏறியதும் தெற்கு ஜன்னலைச் சாத்துகிற பழக்கம் உம்மாவுடையது. சின்ன வயசில் புழுக்கத்தில் அதற்காக எவ்வளவு சண்டை போட்டிருக்கிறேன். இந்தத் தரை இத்தனை வருஷம் தாங்கியதில் அந்த ஜன்னல் கதவுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இப்போது தெரிகிறது.

வாரத்துக்கு ஒரு தடவை உப்பை எடுப்பதற்காக மட்டும் ஈரத்துணி. இங்கேதான் எனக்கும் உம்மாவுக்கும் வாக்குவாதம். கிணற்றுத் தண்ணி வேண்டாம், குழாயில் வருகிற காவிரித் தண்ணிதான் வேண்டும் என்றேன். திருச்சிப் பக்கம் இருந்து அத்தனை தூரம் குழாயில் வந்து, அதுவும் தினமும் வராமல், வருகிற அன்றைக்குக் குடம் குடமாகப் பிடித்து வைக்கிற தண்ணி அது. “குடிக்கிற தண்ணியில தரை துடைக்கிறதா? எந்த வீட்டிலயும் இல்லாத வழக்கமா இருக்கே” என்று உம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இராமநாதபுரத்துக் கரையில் வளர்ந்தவர்களுக்கு நல்ல தண்ணியின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால் உண்மையில் தேவைப்படுவது எவ்வளவு? ஒரு செம்பு, மிஞ்சினால் இரண்டு. துணியை நனைத்து, இனி ஒரு சொட்டும் விழாது என்கிற அளவுக்கு முறுக்கிப் பிழிந்து, ரேகை போகிற பக்கம் துடைத்தால், துடைத்த இடம் ஒரு நிமிடத்தில் காய்ந்துவிட வேண்டும். காயவில்லை என்றால் பிழிந்தது போதவில்லை. இருநூறு சதுர அடி மாடிக்கு இரண்டு செம்பு தாண்டாது. மழைக்காலத்தில் ஓட்டுத் தண்ணியைப் பிடித்து வைத்துக்கொள்கிறேன், அது இன்னும் நல்லது.

இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை அந்தச் செம்பில் கொஞ்சம் சோப்பைச் சீவிப் போட்டுக் கரைத்துக்கொள்வேன். டென்மார்க், ஸ்வீடன் பக்கம் மரத்தரைகளைச் சோப்புச் சீவல் கரைத்த தண்ணியால் துடைத்தே தலைமுறையாக வைத்திருக்கிறார்கள். ஆனால் மென்மையான தண்ணியில்தான் அது சரியாக வரும். எங்கள் கிணற்றுத் தண்ணியில் சோப்பு நுரைக்காது, திரிந்து வெள்ளைத் திப்பியாகத் தரையில் ஒட்டும். பினாயில், ஆசிட், பிளீச்சிங், சோடா எதுவும் வேண்டாம். காரமான சோடா எண்ணெயைச் சோப்பாக மாற்றிப் பிரித்து எடுத்துவிடும், மரம் நிர்வாணமாகிவிடும்.

விருந்து நாளில் சகன் என்கிற பெரிய பொதுத் தட்டில் நெய்ச்சோறு வைத்து ஐந்து பேர் சுற்றி உட்கார்ந்தால் கீழே சிந்தத்தான் செய்யும். முன்னெல்லாம் பதறிப்போவேன். இப்போது சிந்தின சோற்றை அள்ளிவிட்டு, நெய் மேலே டால்கம் பவுடரைக் கொட்டி, ஒரு ராத்திரி விட்டு, காலையில் பெருக்கிவிடுகிறேன். அப்படியும் நிழல் மாதிரி ஏதாவது தெரிந்தால் பழுப்புக் காகிதம் வைத்து லேசான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை ஓட்டினால் காகிதம் நெய்யைக் குடித்துக்கொள்ளும்.

அதைவிடப் பெரிய தொல்லை இரும்பு. உம்மம்மாவின் இரும்புப் பெட்டி இருந்த இடத்தில் நான்கு கறுப்பு வட்டங்கள். மரத்தில் இருக்கிற துவர்ப்பும் துருவும் ஈரமும் சேர்ந்தால் கடுக்காய் மசி மாதிரி கறுப்பாகிவிடும், தேய்த்தால் போகாது. ஆக்சாலிக் ஆசிட் கரைத்துத் தடவினால் போகும், ஆனால் அது விஷம், கையுறை வேண்டும், பிள்ளைகள் பக்கத்தில் இருக்கக்கூடாது, பிறகு நல்ல தண்ணியால் ஒற்றி எடுக்க வேண்டும். இரண்டு வட்டங்களை எடுத்தேன். மற்ற இரண்டையும் உம்மா விடச் சொன்னார்கள்.

கோடையில் பலகைகளுக்கு நடுவே சந்து விழுகிறது, கீழே இருந்து பார்த்தால் கீற்றாக வெளிச்சம் தெரிகிறது, அதை மக்குப் பூசி அடைக்கலாமா என்று எங்கள் வீட்டுக்கு வந்த பல பேர் கேட்டிருக்கிறார்கள். அடைக்காதீர்கள். மரம் அகலவாக்கில்தான் சுருங்கி விரியும், நீளவாக்கில் அசைவு மிகக் குறைவு. ஏப்ரலில் திறந்த சந்து நவம்பரில் தானாக மூடிக்கொள்ளும். நடுவில் மக்கு இருந்தால் விரிய இடம் இல்லாமல் பலகை எழும்பும். சொந்தக்காரர் வீட்டில் ஒரு ஒப்பந்தக்காரர் சந்தையும் அடைத்து மேலே கண்ணாடி மாதிரி இரண்டு பூச்சு வார்னிஷும் அடித்துக் கொடுத்தார். முதல் வருஷம் பார்க்க அவ்வளவு அழகு. இரண்டாவது மழையில் மூட்டுகளில் வார்னிஷ் விரிசல் விட்டு, அதன் வழியாக ஈரம் உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் செதில் செதிலாக உரிந்தது. இனி முழு அறையையும் சுரண்டி எடுக்க வேண்டும். எண்ணெய்த் தரையில் கெட்ட பலகையை மட்டும் தேய்த்து எண்ணெய் போட்டால் போதும், பக்கத்துப் பலகைக்குத் தெரியக்கூடத் தெரியாது. எனக்கு எண்ணெய் பிடித்துப்போனதற்கு முதல் காரணம் அதுதான்.

என் ஆறு பலகைகள் இன்னும் மற்றவற்றைவிட ஒரு மாற்று வெளுப்புதான். உம்மா மட்டும் அதைக் கண்டுபிடிப்பார்கள். இந்த மார்ச்சில் அங்கே இன்னொரு மெல்லிய பூச்சு போட வேண்டும். போன வருஷம் மிச்சம் வைத்த அரை டப்பா எண்ணெய் மேலே தோல் கட்டிக் கெட்டுப்போனது, டப்பாவுக்குள் இருந்த காற்றே அதற்குப் போதும். அதனால் இந்தத் தடவை மிச்ச எண்ணெயைச் சின்னக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, பிள்ளைகளிடம் கேட்டு வாங்கிக் கழுவிக் காயவைத்த கோலிக்குண்டுகளை ஒவ்வொன்றாக உள்ளே போட்டேன், எண்ணெய் கழுத்துவரை ஏறும்வரை. முப்பத்தி இரண்டு குண்டு பிடித்தது. நேற்று எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன், ஏடு கட்டவில்லை.